வெட்டு மெசின் வரிசை

ஹிஷாம் என்ன தொழில் செய்கிறான் என்று கல்முனையில் விசாரித்தால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். "கொம்பியூட்டர் திருத்துறான்" என்பார் அவனுடைய மாமனார். "கொழும்பில இருந்த நல்ல வேலைய விட்டுப்போட்டு வெட்டு மெசினுக்குப் பின்னால திரியிறான்" என்பார்கள் அக்கம்பக்கத்தார். இரண்டாவது பதில் உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட.

கொழும்பில் அவன் இருந்த கொம்பனி எல்லாருக்கும் எல்லாமும் செய்து கொடுக்கும். பல் வைத்தியருக்கும் பேக்கரிக்காரருக்கும் ஒரே சொப்ட்வெயர்தான், நிறம் மட்டும் வேறு. இரண்டு பேருமே ஒரு மாதம் பார்த்துவிட்டு அதை ஒதுக்கிவைப்பார்கள். அந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் அவன் ஊருக்குத் திரும்பினான். ஒரேயொரு தொழிலை எடுப்பது, அதற்குள் முழுசாக இறங்குவது, வேறெதையும் தொடுவதில்லை என்பது அவன் எண்ணம். எடுத்த தொழில், வாடகைக்கு ஓடும் நெல் வெட்டு மெசின்.

அதற்காக ஒரு போகம் முழுக்க, ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் சியாமின் மெசினோடு வெயிலில் காய்ந்தான். சியாமிடம் இரண்டு மெசின்கள் இருந்தன. முன்வயல் வெட்டுப்படாமல் உள்வயலுக்கு மெசின் போக முடியாது என்பதையும், தண்ணீரை நேரத்தோடு அடைத்து வயலைக் காயவிடாவிட்டால் மெசின் புதைந்து நிற்கும் என்பதையும் அங்கேதான் கற்றான். கற்றதையெல்லாம் சொப்ட்வெயருக்குள் ஏற்றினான். விவசாயி போனில் பதிந்தால் அவருக்கு ஓர் இடம் விழும். தனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஆனால் அது விலைப்பட்டது இந்தக் கெட்டித்தனத்தால் இல்லை. வெட்டுக் காலம் வந்துவிட்டால் மெசின்காரருக்கு மாப்பிள்ளை மரியாதைதான். ஒருவர் கோழி அனுப்புவார். இன்னொருவர் பெரிய இடத்திலிருந்து போன் போடுவிப்பார். சொல்லுவதற்கு ஆளில்லாதவனின் வெள்ளாமை முற்றிப்போய் வயலிலேயே கொட்டும். ஹிஷாம் விற்றது அந்த ஆளில்லாதவனுக்கு ஒரு நேர்மையான வரிசையை.

நாவிதன்வெளியில் விவசாயிகளுக்குக் கூட்டம் வைத்தபோது அழகரெத்தினம் என்றொருவர் எழும்பினார். நாற்பது வயதிருக்கும், வாயைத் திறந்தால் பகிடிதான்.

"தம்பி, எல்லாம் சரி. உங்கட உம்மாட வயலெண்டா என்ன செய்வீங்க?"

"உம்மாட வயலெண்டாலும் ஏலா அண்ணன். நானே நினைச்சாலும் வரிசைய மாத்தேலா."

கூட்டம் சிரித்தது. அழகரெத்தினம் முதல் ஆளாகப் பதிந்துவிட்டு, தன் பக்கத்து ஆட்களையும் கையோடு கூட்டிவந்து பதிவித்தார். மற்ற மெசின்காரர்கள் இந்தப் போகம் எப்படிப் போகிறது என்று ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் சேர்ந்தால்தான் ஹிஷாமின் தொழில் நிமிரும்.

நானே நினைத்தாலும் மாற்ற ஏலாது என்றது உண்மையில்லை. பிழையாகப் பதிந்ததைத் திருத்த ஒரு வழி வைக்காமல் எந்தச் சொப்ட்வெயரையும் நடத்த முடியாது. அந்த வழி ஹிஷாமின் கையில் மட்டும் இருந்தது. தானாவது அதைத் தவறாகப் பாவிப்பதாவது என்று அவன் தன்னைப் பற்றி நல்லபடியாகவே நினைத்திருந்தான். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

அந்த மாரிப்போகத்தில் அவனுடைய தங்கச்சி அம்ஹாவும் நாவிதன்வெளியில் குத்தகைக்கு வயல் எடுத்திருந்தாள். புருசன் நளீம் கட்டாரில் வேலை போய்த் திரும்பி வந்திருந்தான். கையில் மிஞ்சியதையெல்லாம் அந்த வயலில் போட்டிருந்தார்கள். வரிசையில் அழகரெத்தினத்தின் வயல் முந்தி, அடுத்த வரம்போடு, அதே பாதையோரம் கிடந்த அம்ஹாவின் வயல் பிந்தி. நடுவில் ஒரு மெசின் பழுதாகி ஒரு நாள் நின்றதில் எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப்போனது. அழகரெத்தினத்துக்கு மறுநாள் காலை, அம்ஹாவுக்குப் பின்னேரம் என்றானது. மறுநாள் மத்தியானத்துக்குப் பிறகு பெருமழை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டு அலுவலகத்தில் வந்து உட்கார்ந்த நேரம் அம்ஹா போன் எடுத்தாள்.

"காக்கா, வானம் கறுத்துக்கிட்டு வருது. எங்கட முறை கொஞ்சம் முந்தி வராதா?"

"வராது புள்ள. வரிசைப்படிதான்."

"உங்களாலயும் ஏலாதா?"

"ஏலா."

"சரி காக்கா. நான் கேட்டதா நினைக்காதீங்க." குரல் உடைந்தது. "இவர் காலையில இரிந்து வரம்பிலயே குந்திக்கிட்டு இரிக்காரு. சோறு கொண்டு போனன், தொடல்ல."

போனை வைத்தவன் கண்ணாடி யன்னலால் வானத்தைப் பார்த்தான். ஒரு தரம் எழும்பி நடந்தான், திரும்பி வந்து உட்கார்ந்தான். பின்னேர அசர் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்ல முதல் வேலையை முடித்துவிட்டான். இரண்டு பெயர்கள் இடம் மாறின, அவ்வளவுதான். ஆனால் காரணம் எழுதாமல் மாற்ற முடியாதபடி சொப்ட்வெயரைச் செய்து வைத்தவனும் அவன்தான். காரணத்துக்கு எங்கே போவது? அழகரெத்தினத்தின் வயலில் ஒரு மூலை பள்ளமென்று அவனுக்குத் தெரியும். 'வயலில் தண்ணி வடியவில்லை' என்று எழுதினான். அது மெசேஜாக அழகரெத்தினத்துக்குப் போனது.

தொழிலை இவ்வளவு நுணுக்கமாகப் படித்ததன் பலனைப் பாருங்கள். பொய்யும் எவ்வளவு பொருத்தமாக வாய்த்தது!

மறுநாள் காலை மெசின் அம்ஹாவின் வயலுக்குள் இறங்கியது. கடைசி மூட்டை லொறியில் ஏறவும் துளி விழவும் சரியாக இருந்தது. "அல்லாஹ்ட உதவி காக்கா" என்று அவள் போனில் அழுதாள். அவன் அல்ஹம்துலில்லாஹ் என்றான்.

மழை விட்டபாடில்லை. நாவிதன்வெளிக்குப் போகும் கிட்டங்கிப் பாதையில் தண்ணீர் ஏறியது. அழகரெத்தினத்தின் வெள்ளாமை பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது என்றும், கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிடத் தொடங்கிவிட்டது என்றும் சியாம் காக்கா வந்து சொன்னார். "பாவம் மனிசன். என்ன செய்யிற, அவர்ர வயல் காயல்லயே" என்றார். ஹிஷாம் தலையாட்டினான்.

தண்ணீர் வற்றிய அன்று அழகரெத்தினம் அலுவலகத்துப் படியேறி வந்தார். ஹிஷாம் ஏச்சுக் கேட்கத் தயாராக இருந்தான். ஏசினால் நல்லது என்றுகூட இருந்தது. ஆனால் வந்தவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் வைத்து உருட்டினார். பகிடி ஒன்றையும் காணோம்.

"தம்பி, குறை சொல்ல வரல்ல. அடுத்த போகத்துக்கு இப்பவே பதிஞ்சு வைக்கேலுமா எண்டு கேக்க வந்தன்."

"அண்ணன், உங்கட வெள்ளாமை…"

"அது என்ட பிழை. தண்ணிய நேரத்தோட அடைச்சனெண்டுதான் நினைச்சன். மெசேஜப் பாத்த பிறகுதான் விளங்கிச்சு, அந்த மூலை ஏமாத்திப்போட்டு. நீங்க என்ன செய்யிற? வரிசை நேராத்தான் போயிருக்கு, அது போதும். முந்தியெண்டா ஆரோ காசு குடுத்து முந்திட்டானெண்டு நெஞ்சு வெந்திருக்கும். இப்ப அப்பிடி ஒண்டும் இல்ல."

பேசாமல் பதிந்துகொடுத்து அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியவராது. அம்ஹாவின் நெல் அம்பாரமாக வீட்டில் இருக்கிறது, மற்ற மெசின்காரர்களும் நாளைக்கே சேர்ந்துவிடுவார்கள். கீழே தெருவில் பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணன், உங்கட வயல் காய்ஞ்சுதான் கிடந்தது" என்றான். "நான்தான் மாத்தினன். தண்ணியெண்டு எழுதினதும் நான்தான். உங்களுக்குப் பின்னால நிண்டது என்ட தங்கச்சி."

அழகரெத்தினம் தொப்பியை உருட்டுவதை நிறுத்தினார்.

"நட்டத்த முழுக்க நான் தாறன்."

"அத மறுகா கதைப்பம்." தொப்பியை மேசையில் வைத்தார். "தங்கச்சியெண்டா நானும் மாத்தியிருப்பன், தம்பி. பொய் சொல்ல மாட்டன். ஆனா தண்ணியெண்டு ஏன் எழுதின நீங்க? வேற என்னத்தயும் எழுதியிருக்கலாமே." குரல் தடித்தது. "அண்டைக்கு இரிந்து என்ட மனிசி முகங்குடுத்துக் கதைக்கல்ல. இவ்வளவு காலம் வயல் செஞ்ச மனிசனுக்குத் தண்ணி அடைக்கத் தெரியல்லயெண்டு அவட தம்பிமாருக்குச் சொல்லியிருக்கா. நானும் தலைய குனிஞ்சுக்கிட்டு, ஓம் என்ட பிழைதானெண்டு இரிக்கன். நெல்லு போனா அடுத்த போகம் வரும். எனக்கு வெள்ளாமை தெரியாதெண்டு என்ட வீட்டிலயே ஆக்கிப்போட்டீங்களே!"

ஹிஷாம் லெப்டொப்பை மூடினான்.

"வாங்க" என்று அழகரெத்தினம் எழும்பினார். "இத அவக்கிட்ட வந்து சொல்லுங்க."

அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறிப் போனான். பொழுது சாய முதல் விசயம் வயல்வட்டை முழுக்கப் பரவும், பிறகு சியாம் காக்காவின் காதுக்கும் மற்ற மெசின்காரர்களின் காதுக்கும் போகும் என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. வழியில் படுத்துக்கிடந்த வயலைத் தாண்டும்போது இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அழகரெத்தினத்தின் மனைவி செல்லத்தங்கம் வாசலில் நனைந்த நெல்லைச் சாக்கில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டாள். "இரிங்க தம்பி. பாத்தீங்களா இவர்ர கெட்டித்தனத்த? தண்ணிய எப்ப அடைக்கிறதெண்டு தெரியாத மனிசன்…"

"அவர் சரியான நேரத்துக்குத்தான் அடைச்சிரிக்காரு அக்கா" என்றான் ஹிஷாம். உட்காராமல் நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னான். தங்கச்சியைப் பற்றிச் சொல்லும்போதும் சாக்குப்போக்குச் சொல்லவில்லை.

அவள் அவனைப் பார்க்கவில்லை. புருசனைத்தான் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். அவர் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் குசினிக்குள் போனாள். சீனிப் போத்தலைத் திறக்கும் சத்தமும் கரண்டிச் சத்தமும் கேட்டன.

திரும்பி வந்தவளின் கையில் ஒரேயொரு கோப்பை தேத்தண்ணி இருந்தது. கதிரையைத் தாண்டிப் போய் அதைப் புருசனின் கையில் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.