பூத் தைத்த போட்டோ

தில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் ராஜாராமன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கேமரா மாமா என்றால்தான் தெரியும். கிருஷி பவனில் அசிஸ்டென்ட் உத்தியோகம். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மற்ற வீடுகளில் கல்யாணம் காட்சி என்றால் போட்டோ எடுப்பார்கள். இந்த மனுஷன் குழந்தை பல் தேய்த்தால் எடுப்பார், ஷூ லேஸ் சிக்கிக்கொண்டு முழித்தால் எடுப்பார், சாதத்தைத் தட்டில் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் "இரு காமு, அவன் வாயைத் திறக்கட்டும்" என்று அதையும் எடுப்பார். அதற்குள் சாதம் ஆறிப் போய்விடும்.

"விசேஷத்தை எல்லாரும் ஞாபகம் வெச்சுப்பா. இந்த மாதிரி சாதாரண நாள்தான் கை நழுவிப் போயிடும்" என்பது அவருடைய தத்துவம். மனைவி காமாக்ஷிக்கு அந்தத் தத்துவத்தின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. பெற்றவளுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு கேமராப் பெட்டி வேண்டுமா என்ன என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவளைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டி வைத்துவிட்டது.

அந்த வருஷம் உலகம் பூராவும் குழந்தைகள் ஆண்டு கொண்டாடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தால் சும்மா இருக்க முடியுமா? குழந்தைகள் தினத்துக்குப் பெரிய சார்ட் ஒட்டப் போவதாகவும், வகுப்பில் ஒவ்வொருவரும் மூன்று வயதுக்குள் எடுத்த தன் போட்டோ ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டு வரவேண்டும் என்றும் டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டாள். எட்டு வயது மகள் லீலாவதி ஆல்பத்தை எடுத்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே ஜம்பு. அவளைவிட இரண்டு வயது சின்னவனான தம்பி ஜம்பு ஓடுகிறான், ஜம்பு நிற்கிறான், ஜம்பு தும்முகிறான். லீலா வருகிற இடத்திலெல்லாம் நாலு வயசுப் பெண்ணாக, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிறாள். கேமரா அந்த வீட்டுக்குள் வந்ததே அவளுக்கு நாலு வயசான பிறகுதான்.

"நான் குட்டியா இருக்கிற போட்டோ எங்கேம்மா?"

காமாக்ஷி அசரவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு பெரிய அட்டைப் போட்டோ இருந்தது. ஆல்பத்தில் அடங்காத அளவு என்பதால் தனியாகக் கிடந்தது. திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, காதில் ஜிமிக்கி, இரண்டரை வயசுக் குழந்தை ஒன்று சிரிக்காமல் நிற்கிறது. அதன் முதுகுப் பக்கம் ஒரு நிலைக்கண்ணாடி. பின்னல் முழுக்க மல்லிகை மொட்டு தைத்திருப்பது அதில் தெரிகிறது.

"இதோ, நீதாண்டி" என்றாள் காமாக்ஷி.

லீலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு பிளாக் முழுவதும் காட்டிவிட்டு வந்தாள். மாடி வீட்டு சர்தார்ஜி மாமி கன்னத்தைக் கிள்ளி "குடியா லக்தீ ஹை" என்றாளாம். பொம்மை மாதிரி இருக்கிறாளாம். லீலா அதை நாலு தடவை சொல்லிக் காட்டினாள்.

அப்போதுதான் ராஜாராமன் கையில் காலிஃபிளவர் பையோடு உள்ளே வந்தார். போட்டோவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ஜம்பு போட்டோ. இது எங்கே அகப்பட்டது?"

லீலா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"ஜம்புவா? லீலாவைப் போய் ஜம்புங்கறேளே" என்றாள் காமாக்ஷி.

"முடி எறக்கறதுக்கு மின்னாடி பூத் தைச்சு எடுத்தோமே, மறந்துட்டியா? லீலாவுக்குப் பூத் தைச்ச அன்னிக்கு ஜுரம் வந்துடுத்து. ஸ்டூடியோவுக்கே போகலை."

அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். ஆண் குழந்தைக்குக் குலதெய்வம் கோவிலில் மொட்டை அடிப்பதற்கு முன்னால், இருக்கிற முடியை ஒரு தடவையாவது ஆசை தீரப் பின்னிப் பார்த்துவிடவேண்டும். பாவாடை கட்டி, நகை போட்டு, பூத் தைத்து, கண்ணாடி முன் நிறுத்திப் போட்டோவும் எடுத்தாகவேண்டும். பெண் குழந்தைக்கு இதையெல்லாம் மல்லிகைக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். காமாக்ஷி இரண்டு குழந்தைகளுக்கும் செய்திருந்தாள். சொந்த ஊரான திருவானைக்காவலில் அதே வீட்டில், அதே பாவாடையில், அதே நகைகளில்.

"ஜுரம் வந்தது ஜம்புவுக்குன்னா."

"லீலாவுக்கு."

"பெத்தவ நான் சொல்றேன்."

"சரி, நீ சொன்னா சரி" என்று ராஜாராமன் காலிஃபிளவரை எடுத்து வைக்கப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒத்துக்கொண்டதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

லீலாவை ஜன்னலோரம் நிற்க வைத்துப் போட்டோவை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே மூக்கு, சந்தேகமே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஜம்புவையும் கூப்பிட்டு நிறுத்தினாள். அதே புருவம், சந்தேகமே இல்லை. இரண்டும் அப்பனை உரித்து வைத்த முகம். யாரை நொந்துகொள்வது?

ஜம்புவோ பாவாடையைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து காலை உதைத்தான். "மைன் லட்கீ நஹீ ஹூன். அது அக்காதான். நான் பொண்ணு இல்லை."

அவனுடைய ஓட்டு லீலாவுக்கு விழுந்துவிட்டது. ஆனால் அவன் சாட்சியை யார் ஏற்பது?

காமாக்ஷி கண்ணை மூடிக்கொண்டு அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். கூடத்தில் மணை போட்டிருந்தது. பூத் தைக்க வந்தவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை தூங்கி வழிந்தது. தலை ஆடாமல் இவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மல்லிகை வாசனைகூட வருகிறது. மடியில் இருந்தது யார் என்பது மட்டும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஒரு தடவை லீலா வருகிறாள், ஒரு தடவை ஜம்பு வருகிறான். இரண்டு பருப்பையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டமாதிரி ஆகிவிட்டது.

பயம் வந்துவிட்டது அவளுக்கு. இது என்ன கூத்து? பெற்ற குழந்தையை அடையாளம் தெரியாத தாயார் உண்டா?

கீழ் வீட்டு விஜயலக்ஷ்மி மாமி புல்தரையில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு குழந்தைகளையும் பிறந்த நாளிலிருந்து பார்த்தவள். போட்டோவை வாங்கிய உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"லீலா. மோவாயைப் பாரேன், அப்படியே அவள்."

"அவர் ஜம்புங்கறார் மாமி."

"அப்படியா? ஆமாம், இப்போ பார்த்தா ஜம்பு மாதிரிதான் இருக்கு. கண்ணு அவன் கண்ணு."

காமாக்ஷிக்கு அழுகை வரும் போல இருந்தது. மாமி ஊசிகளை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள்.

"ஜம்புவுக்குக் காது எப்போ குத்தினே?"

"மொட்டை அடிச்ச அன்னிக்குத்தான், கோவில்லயே."

"லீலாவுக்கு?"

"அவளுக்கு ஒரு வயசுக்குள்ளயே குத்தியாச்சு."

"அப்புறம் என்ன? காது குத்தறதுக்கு மின்னாடி ஜிமிக்கி எப்படிப் போட முடியும்? இது லீலாதான், போ. போய்க் காரியத்தைப் பாரு."

அடடா, இவ்வளவுதானா விஷயம் என்று காமாக்ஷிக்கு உயிர் வந்தது. படியேறும்போது அவரிடம் இதை எப்படிச் சொல்லி மூக்கை உடைப்பது என்றுகூட வார்த்தை சேர்த்துக்கொண்டாள். பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

விரல்களுக்கு ஞாபகம் வந்தது. கறுப்பு நூல். ஓட்டை இல்லாத காது என்பதால் ஜிமிக்கியில் நூலைக் கட்டி, காது மடலைச் சுற்றித் தொங்கவிட்டாள். முடிச்சு இறுகவில்லை, பல்லால் இழுத்தாள். குழந்தை கூச்சத்தில் தோளைத் தூக்கிக்கொண்டது.

வீட்டுக்குள் போய்க் கேமராப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோவைப் பார்த்தாள். இருந்தது. காது மடலுக்கு மேல் மயிரிழை போல ஒரு கோடு, ஓரத்தில் சின்ன முடிச்சு. ஜம்புதான்.

ராஜாராமன் எட்டிப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லாமல் இருந்தாரே, அதற்காக அவரை மன்னிக்கலாம். லீலா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஜம்புவா?"

"ஆமாண்டி கண்ணா" என்றாள் காமாக்ஷி.

"அப்போ என் போட்டோ?"

"எடுக்கலைம்மா."

"ஒண்ணு கூடவா?"

கேமரா அப்போது நம்மிடம் இல்லையே என்பதை ராஜாராமன் சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். வேண்டுமானால் இதையே கொண்டு போயேன், டீச்சருக்கு என்ன தெரியப் போகிறது என்றார். லீலா தலையை ஆட்டினாள்.

"வேண்டாம். நான் மேம்கிட்ட இல்லைன்னு சொல்லிடறேன். அம்மா, நான் எப்படி இருந்தேன்னு நீ சொல்லு. அதைச் சொல்லிடறேன்."

இது சுலபம் என்றுதான் காமாக்ஷி நினைத்தாள். இதற்குத்தானே பெற்றவள் இருக்கிறாள்? லீலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ என்ன பண்ணுவே தெரியுமா? வாளித் தண்ணியில உட்கார்ந்துண்டா எழுந்துக்கவே மாட்டே. மக்கை எடுத்துத் தலையில கவுத்துண்டு..."

"அது நான்" என்றான் ஜம்பு. ஆல்பத்தைத் திறந்து விரலை வைத்தான். வாளி இருந்தது, தலையில் மக் இருந்தது, ஜம்பு இருந்தான்.

"இல்லை, அதில்லை. பூரி மாவை மூஞ்சி பூரா அப்பிண்டு, கேட்டா பூனைன்னு சொல்லுவே."

ஜம்பு இரண்டு பக்கம் தள்ளினான். "இதுவும் நான்."

காமாக்ஷி மறுபடி வாயைத் திறந்தாள். பால் பூத்தில் கிராதிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அதுவும் ஆல்பத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அவளுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் அவர் எடுத்து வைத்தவைதான். பெட்டி எதற்கு என்று கேட்டுக்கொண்டே இத்தனை வருஷம் பெட்டியிலிருந்துதான் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். ஆல்பத்தில் இல்லாத லீலா, முதல் மூன்று வருஷத்து லீலா, ராத்திரியும் பகலும் இவள் இடுப்பிலேயே கிடந்த லீலா எங்கே போனாள்? தேடத் தேட ஒன்றும் அகப்படவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது.

லீலா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவுக்கு ஒத்தாசை செய்கிற குரலில் சொன்னாள்:

"பரவாயில்லைம்மா. எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கு."

"என்னது?"

"நீ கட்டில்ல உட்கார்ந்துண்டிருந்தே. ஜம்பு உன் மடியில இருந்தான், துணியில சுத்தி. நான் கதவாண்ட நின்னேன். நீ என்னைப் பார்த்து வான்னு கூப்பிட்டே."

காமாக்ஷிக்கு அது ஞாபகம் இல்லை. கட்டில் ஞாபகம் இருந்தது, துணி ஞாபகம் இருந்தது. கதவருகில் யாரும் இல்லை.

"வந்தியா?" என்று கேட்டாள்.

"வந்தேன். ஆனா எடம் இல்லையே" என்றாள் லீலா. புகார் ஒன்றுமில்லை அவள் குரலில். உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

காமாக்ஷி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு வயசுப் பெண். கால் இரண்டும் தரையில் இடித்தது, முழங்கை விலாவில் குத்தியது. லீலாவுக்கு வெட்கம், இறங்கப் பார்த்தாள். அம்மா விடவில்லை. ஜன்னல் வெயில் இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. ராஜாராமனின் கை தன்னை அறியாமல் கேமராவுக்குப் போயிற்று.

"வேண்டாம்னா" என்றாள் காமாக்ஷி. "இதை எடுக்காதீங்கோ. இதை நானே ஞாபகம் வெச்சுக்கறேன்."

லீலா தலையை நிமிர்த்தி அம்மாவின் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அப்பா எடுக்கட்டும்மா" என்றாள். "இல்லேன்னா நீ மறந்துடுவே."