கட்டைவிரலுக்கு ஒரு விளக்கு

சட்டைத் துணியில் சட்டை தைத்து, மிஞ்சியதில் கைக்குட்டையும் தைத்துக் கொடுக்கிற தையல்காரரைத் தெருவே ‘மிச்சம்’ என்றுதான் கூப்பிடும். அவருக்கு அதில் கோபமில்லை, பெருமைதான்.

பக்கவாதத்தில் அவர் மனைவிக்குப் பேச்சு போயிற்று. கை கால்களில் சொன்னபடி கேட்டது இடது கட்டைவிரல் ஒன்றுதான். அவள் உள்ளறையில் படுக்கை, இவர் வாசலறையில் மெஷின். மோட்டார் ஓடும்போது இடி விழுந்தாலும் இவருக்குக் கேட்காது, மணி வைத்துப் பயனில்லை. அதனால் தானே ஒரு விளக்குச் செய்ய உட்கார்ந்தார். சோப்பு டப்பாவில் பேட்டரி, சிவப்பு எல்இடி, அங்கிருந்து அவள் விரலடிப் பொத்தான் வரைக்கும் நீள ஒயர்.

"ரெசிஸ்டர் இல்லாம நேரா கொடுத்துடாதீங்க, எல்இடி உடனே போயிடும்," என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இதைவிடப் பெருசா போட்டா?"

"கரண்ட் கம்மியா போகும், பேட்டரி ரொம்ப நாள் வரும். வெளிச்சம்தான் மங்கும்."

பேட்டரி ரொம்ப நாள் வரும் என்பது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு சொன்னது விழுந்ததா, யார் கண்டார்கள்! இரண்டையும் வாங்கி வந்து பெரியதையே வைத்துப் பற்றவைத்தார். இருட்டியதும் சோதித்தார்கள். அவள் அமுக்க, மெஷின் பக்கத்தில் சிவப்பாக எரிந்தது. அவளும் அரை வாயால் சிரித்தாள்.

சாயங்காலங்களில் விளக்கு எரியும், இவர் ஓடுவார். பகலில் எரியவே இல்லை. "மத்தியானம் நல்லா தூங்குறா, உடம்பு தேறிட்டு வருது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார், பாவி மனுஷன்.

ஒரு மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனபோது படுக்கை நனைந்திருந்தது.

"ஏண்டி, ஒரு தடவை அமுக்கியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா? விளக்கை எதுக்குப் பண்ணி வச்சிருக்கேன்?"

கடிந்துகொண்டே விரிப்பை உருவினார். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அப்போதுதான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். கன்றிச் சிவந்து, நுனியில் தோல் உரிந்திருந்தது.

பொத்தான்மேல் கத்தரிக்கோலைப் பாரமாக வைத்துவிட்டு வாசலறைக்கு ஓடினார். மெஷின்மேல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் பொத்திக் குனிந்து பார்த்தார். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறாள். வராத புருஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருப்பாள்!

அங்கேதான் இன்னொரு தப்பும் செய்தார். பெரிய ரெசிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடைக்காரர் கொடுத்ததை வைத்தார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனார்.

"சத்தியமா தெரியலடி. வெளிச்சம் பத்தலை."

சொல்லிக்கொண்டே அமுக்கினார். பட்டப்பகலில் கண் கூசுகிற மாதிரி எரிந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். இந்த விளக்கா தெரியவில்லை என்று கேட்காமல் கேட்டாள். அதன்பிறகு பொத்தானைத் தொடவே இல்லை.

தரையெல்லாம் நூலையும் வெட்டுத்துணியையும் கிளறி அந்தப் பழைய ரெசிஸ்டரைக் கண்டெடுக்க மறுநாள் காலையாகிவிட்டது. அதற்குள் அவளுக்கு மறுபடியும் பக்கவாதம் வந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, இனி நினைவு திரும்பாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் போனதும் தையல்காரர் அந்தப் பழைய ரெசிஸ்டரையே வைத்துப் பற்றவைத்தார். வெயில் ஏறியதும் ஜன்னலை விரியத் திறந்து, டப்பாவை அவள் முகத்தருகே பிடித்து, அவள் விரலாலேயே பொத்தானை அமுக்கினார்.

"ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து பாருடி. எரியுது, ஆனா தெரியலைல்ல? எனக்கும் இப்படித்தான்டி தெரியல."