காலிக் குடம்

நகராட்சியில் எந்த வேலை நடந்தாலும் இரண்டு படம் வேண்டும். வேலைக்கு முன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. அவற்றை ஒட்டிக் கோப்பை மூடுவதுதான் என் பிழைப்பு.

பொதுக் கிணற்றைத் தூர்த்துப் பூங்கா ஆக்கிய கோப்பில், முதல் படத்தில் காலிக் குடத்தோடு ஒரு பெண் நின்றாள். இரண்டாவது படத்தில் ஊஞ்சலருகே அதே பெண், அதே குடம்.

"படம் எடுக்கும்போது ஆளை நகரச் சொல்லக் கூடாதா?" என்று மேஸ்திரியிடம் எரிந்து விழுந்தேன்.

"அங்க யாருமே இல்லையே சார்."

அடுத்த மாதம் சந்தைச் சாலையின் புது விளக்கடியில் நின்றாள். பிறகு பள்ளிக்கூட நடைபாதையில். எரிச்சலில் அவளைக் கத்தரித்துவிட்டு ஒட்டினேன்.

இன்று எங்கள் தெருச் சாக்கடைக் கோப்பு வந்தது. முதல் படத்தில் எங்கள் வீட்டு கேட்டில் கைவைத்து நின்றாள். சற்றுமுன் எடுத்த இரண்டாவது படத்தில் அவள் இல்லை. கேட் திறந்து கிடந்தது.

பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"யாரோ ஒரு அக்கா தண்ணி கேட்டு வந்திருக்காங்க," என்றாள் மனைவி. "அரை மணி நேரமா குழாயைத் திறந்து வெச்சிருக்கேன். குடம் நிறையவே மாட்டேங்குது."