இடது பக்கம்

வெயில் ஏறுவதற்குள் உருளையை இழுத்து முடித்தாக வேண்டும். இரும்புத் தண்டு பனியில் சில்லிட்டுக் கிடந்தது. தண்டின் இந்தப் பக்கம் மெயிலும் அண்ணியும், நடுவில் டீச்சர், அந்தப் பக்கம் நர்ஸ். மற்றவர்கள் பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஈர மண் உருளையில் அப்பிக்கொண்டு, விட்டேனா பார் என்றது.

"இழுங்கடி! காலையில என்ன சாப்பிட்டீங்க, காத்தையா?" என்று அண்ணி அதட்டினாள்.

"காலையே இன்னும் வரல அண்ணி. வந்தாத்தானே சாப்பிட?" என்றாள் நர்ஸ்.

சிரித்தால் பிடி தளரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்தார்கள். உருளை நின்றுவிட்டது. மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து இழுக்க வேண்டியதாயிற்று.

நாட்டின் மகளிர் கிரிக்கெட் அணி அது. எதிரே எழும்பி நின்ற பெரிய மைதானத்தில் புல்லுக்குக்கூட ஆள் வைத்துத் தண்ணீர் காட்டினார்கள். பெண்களுக்கு ஒதுக்கியது அதன் பின்புறத்துக் கட்டாந்தரை. ஆண்கள் ஆடும் நாட்களில் வேன்களும் லாரிகளும் அங்கேதான் நிற்கும். அவை கிழித்துவிட்டுப் போகும் டயர்த் தடங்களில் மண் நிரப்பி, கல் பொறுக்கி, உருட்டி, ஆடுகளம் என்று ஒன்றைத் தாங்களே செய்துகொண்ட பிறகுதான் அவர்கள் பந்தைத் தொட முடியும். பயிற்சி முடிந்ததும் அவரவர் பிழைப்பு. கேப்டனான டீச்சர் பள்ளியில் கணக்கு நடத்த ஓடுவாள். நர்சுக்குப் பிரசவ வார்டு. மெயிலுக்கு நீராவிச் சலவைக்கூடம். ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளைக் கொதிக்கக் கொதிக்க வாரி எடுத்து உதறிப் போடும் வேலை.

மெயில் வண்டி மாதிரி ஓடி வந்து பந்து வீசும் வேகத்துக்காக அவளுக்கு வைத்த பெயர் மெயில். அண்ணி அவளுக்குச் சொந்த அண்ணி, அண்ணனின் மனைவி. நாளடைவில் அணி முழுவதற்கும் அண்ணி ஆகிவிட்டாள். மெயில் வீசுவாள், விக்கெட்டுக்குப் பின்னால் அண்ணி பிடிப்பாள். ஒரு பந்தும் நழுவாது. கேட்டால், "நாத்தனார் குடுக்குறத வாங்கி வாங்கிப் பழகின கைடி இது" என்பாள்.

அணியில் பழைய ஆளும் அவள்தான். கிரிக்கெட் வாரியம் பெண்களைச் சேர்த்துக்கொள்வதற்கு முன்னால், சைக்கிள் கடை மாடியில் வாடகை அறை பிடித்து நடந்த பெண்கள் சங்கத்தின் காலத்திலிருந்தே ஆடுகிறாள். தட்டச்சு செய்தவர்களும் துணி தைத்தவர்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குத் தோடு வளையல் எல்லாம் அடகுக்குப் போயின. போன ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினார்கள். அணியிலிருந்த தையல்காரி எல்லோருக்கும் வெள்ளைப் பாவாடை தைத்துக் கொடுத்திருந்தாள். அதோடு விழுந்து பந்தைத் தடுத்ததில் ஒருத்திக்கும் முழங்காலில் தோல் மிஞ்சவில்லை. அப்படி ஆடித்தான் ஒரு தொடரை ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். ரயில் நிலையத்தில் அவர்களை எதிர்கொள்ள வந்தவர்கள் அவரவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே.

பிறகு ஒரு நாள் வாரியம் சங்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. "இனிமே எல்லாரும் ஒரே குடும்பம்" என்று செயலாளர் மேடையில் பேசினார். அவர் பொய் சொல்லவில்லை. குடும்பத்தில் மருமகளுக்கு என்ன இடமோ அது இவர்களுக்குக் கிடைத்தது. வேலையில் முன்னால், பந்தியில் கடைசி. வாரியத்து அலுவலகச் சுவர் நிறைய அணிகளின் படங்கள். பாவாடை கட்டி ஜெயித்து வந்தவர்களின் படம் அதில் ஒன்றுகூட இல்லை.

இப்போது ஒரு வெளிநாட்டு அணி வருவதாக இருந்தது. பெரிய மைதானத்தில் ஆட்டம், டிவியில் நேரடி ஒளிபரப்பு. இவர்களின் கட்டாந்தரையை ஒட்டிக் கேமரா மேடைக்கான சவுக்குக் கம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் லாரிகள் களத்தின் குறுக்காகவே போய் வந்திருந்தன. உருளையை இழுத்துக் களைத்தும் ஓரிடத்தில் தடத்தின் விளிம்பு அமுங்கவே இல்லை.

"வர்ற டீம்ல பேட்டிங் பண்றவங்க கிரீஸ் கோட்டை விட்டு வெளிய வந்து ஆடுவாங்களாம். நான் ஸ்டம்புக்குக் கிட்ட நின்னு பழகிக்கறேன். மேட்சுல போடுற மாதிரியே போடு. அண்ணியாச்சேன்னு கைய அடக்காதே" என்றாள் அண்ணி.

"ஹெல்மெட்?"

"இருக்கறதே ரெண்டு. ரெண்டும் பேட்டிங் பண்றவங்க தலையில. நான் என்ன, சட்டியக் கவுத்துக்கவா? போடுடி."

மெயில் ஓடி வந்தாள். கையை விட்டுப் போகும்போதே நல்ல பந்து என்று விரல்களுக்குத் தெரிந்தது. பந்து அந்த விளிம்பில் பட்டது. பட்ட இடத்திலிருந்து பாம்பு தலை தூக்குவதுபோல் எழும்பி, மட்டை பிடித்தவளைத் தாண்டி, அண்ணியின் இடது கண்ணில் அறைந்தது.

அவள் கத்தவில்லை. கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். ரத்தம் கையுறைக்கு வெளியே வந்த பிறகுதான் மெயிலுக்குக் கால் எழுந்தது.

நர்ஸ் துண்டை மடித்துக் கண்ணில் வைத்தாள். டீச்சர் பெரிய மைதானத்து வாசலுக்கு ஓடினாள். அங்கே ஆம்புலன்ஸ் ஒன்று நின்றிருந்தது. விருந்தாளி அணிக்கென்று வரவழைத்தது, வாரியத்தின் உத்தரவில்லாமல் எடுக்க முடியாது என்றான் காவலாளி. கம்பு இறக்கிய லாரிக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டு, "ஏத்துங்கம்மா" என்றார். சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில், மெயிலின் மடியில் தலையை வைத்து நாட்டின் விக்கெட் கீப்பர் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

லாரிப் பட்டறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்த அண்ணன், கிரீஸ் கறை படிந்த கையைச் சுவரில் ஊன்றி நின்றான். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் கை ஒடிஞ்சு போயிருக்கக் கூடாதா?"

மெயிலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் சமைத்ததை அண்ணன் தொடவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்பை உதறும்போது வலது கை தன்னால் நின்றுபோகும். பக்கத்தில் நிற்பவள் ஒன்றும் கேட்காமல் அவள் பங்கையும் சேர்த்து உதறுவாள். கட்டுப் போட்ட முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். ஒரு நாள் நர்ஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே நிறுத்தினாள்.

அண்ணியின் முகத்தில் பாதி பஞ்சும் துணியுமாக இருந்தது.

"யாரு?"

"நான்தான்."

"இவ்வளவு நாள் எங்கடி போன? சரி, அதச் சொல்லு. பந்து எங்க குத்துச்சு?"

"டயர்த் தடத்துல, அண்ணி. விளிம்புல."

அண்ணி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்ப அது உன் பந்து இல்ல."

"நான்தானே அண்ணி போட்டேன்..."

"நீ போட்டது பாதி வழி வரைக்கும்தான். மீதிய லாரிய அங்க நிறுத்தச் சொன்னவன் போட்டான். ஹெல்மெட் கேட்டப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொன்னவன் போட்டான். நாத்தனார் பந்து எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். "இனிமே பந்து எவ்வளவு தூரத்துல வருதுன்னு எனக்குத் தெரியாதாம்டி. தண்ணி டம்ளர எடுக்கப் போனா கை காத்தத் துழாவுது."

மெயில் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். அண்ணியின் கை அவள் தலையைத் தேடி, முதலில் தலையணையில் விழுந்து, பிறகு வந்து சேர்ந்தது.

டீச்சரும் மெயிலும் நர்சும் செயலாளரைப் பார்க்கப் போனார்கள். அவர் டிவிக்காரர்களோடு பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார் செயலாளர். "நானே பூங்கொத்து அனுப்பச் சொல்லியிருக்கேன்."

"பூவைப் பாக்க அவங்களுக்கு ஒரு கண்ணுதான் சார் இருக்கு" என்றாள் டீச்சர். "வைத்தியத்த வாரியம் ஏத்துக்கணும். இனிமே அவங்க ஆட முடியாது. வாரியத்துலயே ஒரு வேலை குடுக்கணும். எங்களுக்கு ஒழுங்கான களமும் எல்லாருக்கும் ஹெல்மெட்டும் வேணும்."

"வேலையா? நீங்க என்ன எங்க தொழிலாளிங்களா? நாட்டுக்காக ஆடறீங்கம்மா. இது சேவை."

"டிவிக்காரங்களும் சேவைக்குத்தான் வர்றாங்களா சார்?"

செயலாளர் பேனாவை மூடினார். "இங்க பாருங்க. ஆபத்து உங்க பொறுப்புன்னு தெரிஞ்சுதான் ஆட வந்தீங்க. அது போக, பந்து போட்டது யாரு? இதோ நிக்கிற இந்தம்மாதானே? நாத்தனாரும் அண்ணியும்! வீட்டுல என்ன சண்டையோ, யார் கண்டா? பத்திரிகைக்காரன் கேட்டா நான் என்ன சொல்றது?"

மெயில் மேஜையை நோக்கி ஓரடி வைத்தாள். நர்ஸ் அவள் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். செயலாளர் நர்சைப் பார்த்துச் சிரித்தார்.

"நீதானே மாற்றுக் கீப்பர்? எத்தனை வருஷமா பெஞ்சுல உக்காந்திருக்க? இப்ப உன் நேரம் வந்திருக்கு. கெடுத்துக்காதே."

மறுநாள் மதிய இடைவேளையில், ஆடுவதா மறுப்பதா என்று பேச, சலவைக்கூடத்துப் பின்முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். கொடிகளில் ஈர விரிப்புகள் சுவர் சுவராகத் தொங்கின. சோப்புக்காரமும் ஆவியும் மூக்கை அரித்தன. இந்த ஆட்டத்தைத் தவறவிட்டால் இனி எந்த ஆட்டமும் கிடையாது என்றாள் ஒருத்தி. ஒளிபரப்பில் ஒரு முறையாவது தன்னை அம்மா பார்க்கட்டுமே என்று இன்னொருத்தி விசும்பினாள். யாரும் அவளைக் கோபிக்கவில்லை. அந்த ஆசை எல்லோர் வயிற்றிலும் இருந்தது.

கடைசியில் எல்லோர் கண்ணும் நர்ஸ் மேல் போய் நின்றது. கீப்பர் இல்லாமல் அணி இறங்க முடியாது. அவள் இறங்கினால் ஆட்டம் நடக்கும்.

"என்னை ஏன்டி இப்படிப் பாக்கறீங்க?" என்றாள் நர்ஸ். "எனக்கு ஆசை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அண்ணிக்குக் காய்ச்சல் வராதான்னு நெனச்சிருக்கேன் நான். உண்மையச் சொல்றேன், நெனச்சிருக்கேன். ஆனா அவங்க கண்ணு போன குழிய மிதிச்சுக்கிட்டுப் போய் அங்க நிக்க என்னால முடியாது. நான் கையுறை போட மாட்டேன்."

மெயில் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டாள். விரிப்புகளுக்குப் பின்னாலிருந்து சலவைக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வேலைக்குச் சங்கு ஊதியும் போகாமல் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார்கள். "ஆட்டத்தன்னைக்கு நாங்களும் வர்றோம்" என்றாள் மெயிலோடு விரிப்பு உதறுகிறவள். "டிக்கெட் எல்லாம் வாங்க மாட்டோம். வெளிய நிக்கிறோம்."

ஆட்டத்தன்று காலை, பெரிய மைதானத்தில் பார்வையாளர் மேடைகள் பாதி நிரம்பியிருந்தன. விருந்தாளி அணி களத்தில் உடலைத் தளர்த்திக்கொண்டிருந்தது. நாட்டின் அணி வெள்ளை உடுப்போடு படியிறங்கி வந்தது. கைதட்டல் எழுந்தது. எல்லைக் கயிறு வரை வந்தார்கள். அங்கேயே, புல்லில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

கைதட்டல் குழம்பி நின்றது. ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மேடையிலிருந்து ஒருவன் ஊளையிட்டான். வேறொருவன் அவனை அதட்டினான். விருந்தாளி அணியின் கேப்டன் வந்து டீச்சரிடம் குனிந்து கேட்டாள். டீச்சர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் ஏதோ பேசினாள். அவர்கள் மட்டைகளைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். ஆடுகளத்தை மூடிய விரிப்பை எடுக்க வேண்டிய மைதானத் தொழிலாளிகள், கூப்பிடக் கூப்பிட, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே வாசலில் சலவைக்காரப் பெண்களின் சத்தம் கேட்டது. அவர்களோடு, சைக்கிள் கடை மாடியின் காலத்துப் பெண்களும் சிலர், நரைத்த தலையோடு வந்து நின்றிருந்தார்கள்.

அந்த வாசல் வழியாக அண்ணன் வந்தான். ஒரு கையில் அண்ணியின் கையைப் பிடித்திருந்தான். காவலாளி தடுக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினான்.

அண்ணி தன் பழைய வெள்ளை உடுப்பைப் போட்டிருந்தாள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. புல்லின் மேடு பள்ளம் பிடிபடாமல் ஒவ்வோர் அடியையும் தூக்கித் தூக்கி வைத்தாள். நாட்டுக்கு ஆடியவள் நடக்கிற நடையா அது என்று மெயிலுக்கு நெஞ்சு வெடித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அண்ணன் மனைவியை உட்கார வைத்தான். தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல், "வெயிலா இருக்கு. தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டான். அவளோடு அவன் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. மெயில் தலையை அசைத்தாள். அவன் வாசலில் நின்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.

"இடது பக்கம் யாரு?" என்றாள் அண்ணி.

"நான்தான், அண்ணி."

"அங்கயே இரு. அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல. நீதான் பாத்துச் சொல்லணும்."

மெயில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அண்ணியின் தோள் மெலிந்து போயிருந்தது.

"இப்ப என்ன வருது?"

"செயலாளர் வர்றார். பின்னால போலீஸ்."

"நிறைய பேரா?"

"நிறைய பேர்தான், அண்ணி."

"நம்ம ஆளுங்க?"

மெயில் திரும்பிப் பார்த்தாள். நர்ஸ், டீச்சர், விசும்பியவள், ஒருத்தியும் எழவில்லை. விரிப்பின் மேல் உட்கார்ந்த தொழிலாளிகள் எழவில்லை. வாசலில் பெண்கள் கைகோத்து நின்றார்கள்.

"எல்லாரும் இருக்காங்க."

"அப்ப வரட்டும்" என்றாள் அண்ணி. தன் கையை அவள் நீட்டினாள். அது காற்றில் துழாவுவதற்கு முன்பே மெயில் பிடித்துக்கொண்டாள்.