மூன்றாவது கட்டம்

...ஊதக் கூடாது, ஊதக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லித்தான் கொடுத்தார், ஆனாலும் அந்தப் பழைய வீடியோ கேம் கேசட்டைக் கையில் எடுத்ததும் வாய் தானாகக் குவிகிறது, சின்ன வயதுப் பழக்கம், படம் வராவிட்டால் கழற்று, ஊது, திரும்பச் செருகு, இதை விட்டால் எங்களுக்கு வேறு வைத்தியம் தெரியாது. கேசட்டின் அடியிலுள்ள செப்புப் பின்களில் பச்சையாகப் படிந்திருப்பதே யாரோ ஊதிய ஈரம்தானாம். யாரோ. தம்பியாகவும் இருக்கலாம்... பைத்தியமா எனக்கு, இதே கேம் எத்தனை ஆயிரம் வீட்டில் இருந்திருக்கும், லேபிளின் மூலை கிழிந்திருக்கிறது என்பதற்காக இது எங்கள் வீட்டுக் கேசட் ஆகிவிடுமா? எங்களுடையதைத் தம்பி போன பிறகு, வீடு மாறும்போது, அவன் சட்டைகளோடு சேர்த்து அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். அதன் மூலையைக் கிழித்தவன் தம்பி, நகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கிறேன், பஞ்சு பச்சையாகிறது, அவன் மூச்சைத்தான் துடைத்துப் போடுகிறேனோ என்று கை ஒரு கணம் நிற்கிறது. முதல் தடவை கேம் பெட்டியில் செருகியபோது திரை முழுக்கக் கோடு, இரண்டாம் தடவை இசை மட்டும். பின்னால் கட்டிலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கேசட்டுக்குள் ஒரு வட்ட பேட்டரி இருக்கிறது, ஆட்டத்தை எங்கே நிறுத்தினோம் என்பதை, ஆளுக்கொன்றாக மூன்று கட்டங்களில், அதுதான் காப்பாற்றி வைக்கிறது. "அத எடுத்தீங்கன்னா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும் சார், எடுக்காட்டியும் இன்னைக்கோ நாளைக்கோ போயிடும்," என்றார் கடைக்காரர். பேட்டரி... அந்த வார்த்தையை நிம்மதியாகக் கேட்டு எத்தனை வருடமாகிறது.

சின்ன வயதில் ஒரு மத்தியானம், தம்பி வீட்டில் இல்லை, நான் புது ஆட்டம் தொடங்கி, கவனிக்காமல் அவனுடைய கட்டத்தின் மேலேயே சேமித்துவிட்டேன், கடைசிக் கதவு வரை போயிருந்தான், நான்கு மாத உழைப்பு. சொல்லியிருக்கலாம். சொல்லாமல், நடுக்கட்டத்தில் இருந்த என்னுடையதையும் அழித்து, மூன்றையும் காலியாக்கிவிட்டு, அவன் வந்ததும் "பேட்டரி போயிடுச்சு போலடா" என்றேன். அவன் கழற்றி ஊதினான். செருகினான். பார்த்தான். "பரவாயில்லண்ணா, முதல்ல இருந்து வரேன்." அவ்வளவுதான், சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு அடி வாங்கி மறந்திருப்பேன். செத்த பேட்டரி மறுநாளிலிருந்து எப்படி வேலை செய்தது என்று அவன் கேட்கவில்லை, சின்னப் பையன், யோசித்திருக்க மாட்டான் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன். அடுத்த வருடமே காய்ச்சல், பத்து நாள், பிறகு யாரிடம் போய்ச் சொல்வது...

படம் வந்துவிட்டது. கோடில்லை. மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில், பெயர் போடும் இடத்தில், ஆங்கில முதல் எழுத்தே மூன்று தடவை, தம்பியும் இப்படித்தான், பெயர் போடக்கூடப் பொறுமை கிடையாது, ஆனால் பொறுமையில்லாத பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தானே போட்டிருப்பார்கள். நின்ற இடம், கடைசிக் கதவு. நடுக்கட்டம் காலி. மூன்றாவதில் அதே பெயர், அதே கதவு, ஆடிய நேரமும் நிமிடம் பிசகாமல் அதேதான். நகல். எதற்கு நகல்? பேட்டரி போனால் மூன்றும் சேர்ந்துதான் போகும், யாராவது மேலே எழுதிவிடுவார்கள் என்று பயப்படுகிறவன்தான் நகல் எடுப்பான், கூட ஆடுகிறவனை நம்பாதவன்... அப்படியென்றால் தெரிந்தேதான் பரவாயில்லண்ணா என்றானா? நடுக்கட்டத்தை எனக்கென்று விட்டுவைத்தானா? இல்லை, இது வேறு வீடா, வேறு ஓர் அண்ணனா?

"ஓடுதாப்பா?" என்கிறாள் அம்மா. "தம்பி விளையாண்டது எதாச்சும் இருக்கா அதுல?"

அதற்குள் என் விரல் சுவிட்சை அணைத்துவிட்டது. "பேட்டரி போயிடுச்சு போலம்மா."

"அன்னைக்கும் இதையேதான சொன்ன," என்கிறாள், அடுத்த துணியை எடுத்து உதறிக்கொண்டே, சாதாரணமாக. எதை நினைத்துச் சொன்னாள் என்று அந்தக் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.