கழற்றாத வாட்ச்

பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்ப்பவளுக்கு எப்போதும் மாவுக் கைதான். அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மாவு விரல் ரேகையைத் தின்றுவிட்டது. விரலை வைத்தால் சொந்தப் போனே அவளை யாரோ எவளோ என்று நினைத்தது. முகத்தைக் காட்டலாம் என்றால் கண்வரைக்கும் முகமூடி. பக்கத்து மேஜையில் பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த புருஷன்தான் ஒரு வழி செய்தான்.

"என் வாட்ச் பக்கத்துல இருக்கிற வரைக்கும் உன் போன் பூட்டாது. போதுமா, மகாராணி?"

போதும் என்றாள். வீட்டிலும் பட்டறையிலும் ஒன்றாகவே இருந்தவர்களுக்கு அது தாராளம். பூட்டுக்கான நம்பரை அவனே வைத்தான். அது என்னவென்று இவள் கேட்கவில்லை. சௌகரியம் வந்துவிட்டால் யார்தான் கேட்கிறார்கள்!

ஆபரேஷனுக்குப் போன அவன் திரும்பி வரவில்லை. அந்தத் துக்கத்தில் போனைப் பற்றி யாருக்கு நினைப்பு? தொட்டால் திறந்தது, பேசினாள், வைத்தாள். மகள்தான் கவனித்தாள்.

"அம்மா, இது பூட்டவே மாட்டேங்குது. பேங்க் எல்லாம் இதுலதான் இருக்கு. எவன் வேணா எடுத்து நோண்டலாம்."

"உங்கப்பா வெச்சது. வாட்ச் பக்கத்துல இருந்தா பூட்டாது."

மகள் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். 'நம்பகமான வாட்ச் அருகில் உள்ளது' என்று இருந்தது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"பக்கத்துலயா? அந்த வாட்ச் கழட்டவே வரலன்னு அப்பா கையோடதானேம்மா புதைச்சோம்?"

இருவரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். வீட்டில் வேறு யாரும் இல்லை. அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

போன் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வாட்சை நீக்கப் பழைய நம்பர் வேண்டுமாம். இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் அழித்துவிட்டுத்தான் புதிதாகப் பூட்டு வைக்க முடியுமாம்.

"நாளைக்கே அழிச்சிடலாம்மா. எனக்குப் பயமா இருக்கு," என்றாள் மகள்.

தாய் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் கடைசியாகப் பேசி அனுப்பிய குரல் பதிவு அந்தப் போனில் இருந்தது. சின்ன ஆபரேஷன்தான், நீ லீவு போடாதே என்று மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். குரல் வந்தபோது இவள் கை மாவுக்குள். கழுவிவிட்டுக் கேட்கலாம் என்று அடுத்தடுத்த அச்சுகளை வார்த்துக்கொண்டிருந்தாள். கழுவுவதற்குள் மகளிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. பிறகு அதைக் கேட்கத் தைரியம் இல்லை. கேட்டுவிட்டால் அவன் பேச ஒன்றும் மிச்சமிருக்காது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். இப்போது அதற்கும் நாள் குறித்தாயிற்று.

மறுநாள் காலை பட்டறையில், அவனுடைய காலி நாற்காலியைப் பார்த்தபடி அந்தக் குரல் பதிவைத் தட்டினாள்.

"ஏய், கேக்குதா? வாட்ச கழட்டச் சொல்றாங்க. கழட்டினா உன் போன் பூட்டிக்கும், நீ திருதிருன்னு முழிப்ப. நம்பர் சொல்றேன். ஒன்பது, நாலு, நாலு, ஏழு. மனசுல ஏத்திக்கிட்டு சரின்னு ஒரு வார்த்தை அனுப்பு. நீ சொல்ற வரைக்கும் யார் சொன்னாலும் நான் கழட்ட மாட்டேன்."

இத்தனை நாளும் மண்ணுக்கடியில் ஒரு கை அவளுடைய ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. இப்படியும் ஒரு பிடிவாதமா என்று கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சொல்லாமலே விட்டுவிட்டால் இப்படியே கூட இருப்பானே என்ற ஆசையும் வந்தது. ஆனால் அந்தக் கையை இன்னும் எத்தனை காலம் காக்க வைப்பது?

முகமூடியை இறக்கிவிட்டு மைக்கை அழுத்தினாள்.

"சரிங்க. ஏத்திக்கிட்டேன். கழட்டிடுங்க."

திரை அணைந்தது. தொட்டுப் பார்த்தாள். முதல்முறையாகப் போன் நம்பர் கேட்டது. அவள் மாவுக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு, ஒன்பதை அழுத்தினாள்.