அம்மாவின் நிறம்

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போட்டோ பிரிண்ட் கடை வைத்திருக்கிறேன். எந்த முகத்தைக் கொடுத்தாலும் என் பிரிண்டர் சிவப்பாகத்தான் துப்பும். மலிவான மை, மலிவான பேப்பர். முகம் சரியில்லை என்று எவரும் குறை சொன்னதில்லை. கல்யாணப் பெண்கள் கூடுதலாக ஒரு காப்பி கேட்டு வாங்கிப் போவார்கள். முகத்தைப் பார்த்துக் குறை சொன்ன முதல் ஆள் என் அப்பா சோலைமலைதான்.

அம்மா ஈஸ்வரி சித்திரையில் போய்விட்டாள். ஈரல் கெட்டிருந்தது. “முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே” என்றார் டாக்டர். “ஒரு அடையாளமும் தெரியலையேய்யா” என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்ட ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். இந்த வருஷப் பொங்கலுக்குப் போடிமெட்டில் அம்மாவும் நானும் எடுத்துக்கொண்டது.

“இவ யாரு ஆத்தா? உங்கம்மா என்னைக்கு இம்புட்டுச் செவப்பா இருந்தா?” என்றார் அப்பா.

“பிரிண்டர் அப்படித்தான்ப்பா.”

“எனக்கு அவ நெறம் வேணும். என்ன சோலி பாக்கணுமோ வெரசாப் பாரு.”

பிரிண்டர்களுக்கு நிறம் சரிசெய்து கொடுக்கிற ராஜ்கமலை மதுரையிலிருந்து வரவழைத்தேன். தாள் தாளாக வண்ணக் கட்டங்களை அச்சடித்து, ஒரு கருவியை வைத்து ஒவ்வொன்றாக அளந்து, என் மைக்கும் என் பேப்பருக்கும் மட்டும் பொருந்துகிற, நிறத்தை உள்ளது உள்ளபடி அச்சில் கொண்டுவருகிற கலர் ப்ரொஃபைல் ஒன்றைச் செய்தான். அவன் கேட்ட கூலிக்குக் கடை வாடகையே கட்டிவிடலாம். நான் அடித்துக் கொடுத்த பாக்கெட் லேபிளில் பச்சை சரியில்லை என்று ஏலக்காய் வியாபாரிகள் கத்தியபோதுகூட நான் செய்யாத செலவு.

படத்தை மறுபடி அடித்தேன். பின்னால் மலை பச்சையாக இருந்தது. என் முகம் அச்சு அசல் என் முகம். அம்மா மட்டும் மஞ்சளாக இருந்தாள்.

“இதுக்காய்யா இம்புட்டுக் காசு?” என்று ராஜ்கமல் மேல் பாய்ந்தேன்.

“அக்கா, உங்க மொகம் சரியா இருக்குல்ல? ரெண்டு பேரும் ஒரே படந்தானக்கா.”

“அவன ஏசாத ஆத்தா,” என்றார் பக்கத்தில் நின்ற அப்பா. “உங்கம்மா தெனம் மஞ்சப் பூசிக் குளிக்கிறவ. இதான் அவ நெறம்.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். அங்கேயே நின்றுவிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடினேன்.

“கண்ணு முழியும் அதே நெறமா இருக்கே,” என்றார். “கண்ணுக்குள்ள யாரு ஆத்தா மஞ்சப் பூசுவா?”

உள்ளே போய்ப் பழைய சிவப்புப் படத்தை எடுத்து வந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.